பழைய ஆலயத்தின் செங்கல் மதிலைப் பழுது பார்ப்பது எப்படி: இங்கிலாந்தில் பிசிசியில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றின் பிசிசியில், அதாவது ஆலய நிர்வாகக் குழுவில், சேர்ந்தால், என்றாவது ஒருநாள் மதில் சுவர் உங்கள் தலையில் விழும். பொறுப்பைத்தான் சொல்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பதால், ஊரில் சேகரக் கமிட்டியில் இருந்து பழகியவர்கள் இங்கே வந்ததும் பிசிசிக்கோ சர்ச் வார்டன் (ஆலயப் பொறுப்பாளர்) பதவிக்கோ இழுக்கப்படுவது உண்டு. கூரை ஒழுகினால் ஆராதனைக்கு வரும் எல்லோரும் பார்ப்பார்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியிருக்கும் மதிலை யாரும் பார்ப்பதில்லை, அது நடைபாதைப் பக்கம் வயிறு தள்ளும் வரைக்கும்.

அப்போது கூட்டத்தில் யாராவது ஒருவர், "எனக்குத் தெரிந்த கொத்தனார் இருக்கிறார், ஒரு சனிக்கிழமை போதும், சிமெண்ட் வைத்து முடித்துவிடலாம்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அதில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் செய்தால் சபைச் சட்டப்படி தவறு. அதைவிடப் பெரியது, அந்த சிமெண்டே மதிலின் ஆயுளைப் பாதியாக்கிவிடும். பழைய செங்கல் மதில்கள் வயதால் சாவது குறைவு. தண்ணீராலும், முந்தைய தலைமுறை அவசரமாகச் செய்த 'ரிப்பேராலும்' சாவதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் கலவை கடைசிப் பக்கம்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது தாள்கள், அப்புறம் தண்ணீர்.

1. மதில் யாருடையது, காசு யார் தர வேண்டும்

கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போடும் கடமை பழையது. 1603-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டங்களில் 85-ஆவது விதி, தோட்டத்தைச் சுற்றிச் சுவரோ, கம்பியழியோ, மரவேலியோ அந்தந்த ஊர் வழக்கப்படி சரியாகப் பராமரிக்கப்படுகிறதா என்று வார்டன்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. செலவு யாருக்கு என்பதை வழக்கத்துக்கே விட்டுவிட்டது. சசெக்ஸில் கௌஃபோல்ட் என்ற ஊரில் இந்த வழக்கத்தின் தடயத்தை இன்றும் பார்க்கலாம். ஆலய வேலியின் ஒவ்வொரு துண்டிலும் அதைப் பராமரிக்க வேண்டிய பண்ணையின் பெயர் எழுதியிருக்கும்.

இன்று பொதுவான நிலை இதுதான்: கல்லறைத் தோட்டத்தையும் அதன் சுவர், வேலிகளையும் நல்ல நிலையில் வைக்கும் பொறுப்பு பிசிசியுடையது. ஆனால் உங்கள் தோட்டம் சட்டப்படி 'மூடப்பட்டதா' என்று உடனே பாருங்கள். இடம் தீர்ந்துபோய் அடக்கம் நின்றுவிட்டது என்பதால் மட்டும் அது மூடப்பட்டதாகாது. அரசின் ஆணை ஒன்று இருந்தாக வேண்டும். 1850-களில் வந்த அடக்கச் சட்டங்களின் கீழ் பல ஊர்களில் இப்படி மூடினார்கள். ஆணை இருந்தால் 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 215-ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். பிசிசி எழுத்து மூலம் ஊர் கவுன்சிலிடம் கேட்டுக்கொண்டால், மூன்று மாதத்தில் பராமரிப்பு அவர்களுக்குப் போகும். அவர்கள் அந்த அவகாசத்துக்குள் அதை மாவட்ட கவுன்சிலிடம் தள்ளிவிடலாம். நூறு வருடத்துக்கு முன் மூடிய தோட்டத்தின் சுவருக்கு இன்னமும் பிசிசி பணம் திரட்டிக்கொண்டிருப்பதும் நடக்கக்கூடியதுதான். பழைய மினிட்ஸ் புத்தகங்களைப் புரட்டுங்கள்.

கவுன்சில் பொறுப்பேற்றாலும் இடம் சபையுடையதாகவே இருக்கும். எனவே அவர்கள் வேலை செய்யவும் சபையின் அனுமதி வேண்டும். கவுன்சில் ஆட்கள் இதை மறந்துவிட்டுக் கலவை இயந்திரத்தோடு வந்து நிற்கக்கூடும். அப்போது தடுத்து நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

மதிலின் மறுபக்கம் தனியார் வீடு, தோட்டம் என்றால், அது இருவருக்கும் சொந்தமான பொதுச்சுவரா என்று பத்திரங்களில் பாருங்கள். அப்படியானால் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டிவரலாம்.

2. மதிலைப் படியுங்கள்

ஒரு நோட்டு, அளவு நாடா, கேமரா போதும். மதிலை மூன்று மூன்று மீட்டராகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, இருபுறமும் படம் எடுங்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒருமுறை, நன்றாகக் காய்ந்த நாளில் ஒருமுறை எடுப்பது நல்லது. எந்த இடம் கடைசியாகக் காய்கிறது என்பது படத்தில் தெரிந்துவிடும்.

செங்கல்லை அளந்தால் காலம் ஓரளவு பிடிபடும். டியூடர் காலத்துச் (பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டு) செங்கல் மெல்லியது, இரண்டு, இரண்டேகால் அங்குல உயரம், ஒழுங்கற்ற விளிம்பு, செங்கல்களுக்கு நடுவே தடித்த கலவை இணைப்பு. இன்றைய அளவு 215 × 102.5 × 65 மி.மீ. நான்கு வரியை இணைப்போடு சேர்த்து அளந்தால் இன்றைய சுவரில் 300 மி.மீ. வரும், பழைய மெல்லிய செங்கல் சுவரில் அதைவிட நன்றாகக் குறையும். ஒற்றைச் செங்கல்லை அளப்பதைவிட இந்த நான்கு வரிக் கணக்கு நம்பகமானது. ஒரு செங்கல் கோணலாக இருக்கலாம், நான்கும் ஒரே மாதிரி ஏமாற்றாது.

இடையில் செங்கல் மீது அரசு போட்ட வரி வந்து கணக்கைக் குழப்பும். 1784-இல் ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் என்று அரசு வரி போட்டது. எண்ணிக்கைக்குத்தான் வரி என்பதால் சிலர் செங்கல்லைப் பெரிதாக்கினார்கள். 1803-இல் 150 கன அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு இரட்டை வரி வந்தது. 1850-இல் வரியே போனது. அதனால் பெரிய செங்கல்லை மட்டும் வைத்து வருடம் சொல்லிவிட வேண்டாம்.

அடுக்கு முறையையும் பாருங்கள். ஒரு வரி முழுக்க நீளப்பக்கம், அடுத்த வரி முழுக்கத் தலைப்பக்கம் தெரிந்தால் அது இங்கிலீஷ் பாண்ட்; டியூடர் காலத்திலும் 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இதுதான் ஆட்சி செய்தது. ஒரே வரியில் நீளமும் தலையுமாக மாறி மாறி வந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். 1631-இல் கட்டிய கியூ அரண்மனை இதற்கு இங்கிலாந்தில் முந்திய உதாரணங்களில் ஒன்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இது பரவிவிட்டது. மூன்று அல்லது ஐந்து வரி நீளப்பக்கம், பிறகு ஒரு வரி தலைப்பக்கம் என்றால் தோட்டச் சுவர் பாண்ட். முகப்புச் செங்கல்லை மிச்சம் பிடிக்கும் முறை இது, எல்லைச் சுவர்களில் நிறைய வரும். செங்கல்லின் முதுகில் குழி இருந்தால் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு என்று எடுத்துக்கொள்ளலாம். இடிந்த இடத்தில்தான் அதைப் பார்க்க முடியும். அதற்காக உளியை எடுக்காதீர்கள்.

பெரும்பாலும் ஒரே மதிலில் மூன்று நான்கு காலம் கலந்திருக்கும். வண்டி மோதிய இடத்தில் விக்டோரியா காலத்து ஒட்டு, அதற்குப் பக்கத்தில் 1960-களின் இயந்திரச் செங்கல். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த ஒட்டுகளும் மதிலின் வரலாறுதான்.

மதில் தாங்கி நிற்கும் மற்றவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: நினைவுப் பலகைகள், வாயில் தூண்கள், பழைய கீல்கள். லண்டன் டெட்ஃபோர்டில் செயின்ட் நிக்கலஸ் ஆலயத்தின் வாயில் தூண்களில் கல்லில் செதுக்கிய மண்டையோடுகள் உட்கார்ந்திருக்கின்றன. 1593-இல் அங்கே அடக்கம் செய்யப்பட்ட நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் கல்லறை எது என்று யாருக்கும் தெரியாது. அவருடைய நினைவுப் பலகை மதிலில்தான் இருக்கிறது.

சஃபோக் பக்கம் என்றால் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் மதில்களும் உண்டு. ஈஸ்டன் கிராமத்தில் இருப்பது பேர்போனது. அந்த வளைவுதான் மெல்லிய சுவரை விழாமல் நிறுத்துகிறது. தனி முட்டுத்தூண் கிடையாது. அப்படிப்பட்ட மதிலில் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டும்போது 'நேராக்கிவிட்டால்' அது நிற்காது.

3. எங்கே கோளாறு என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. நான்கு பருவமும் பார்த்தால்தான் சுவர் என்ன செய்கிறது என்று புரியும்.

முதலில் மண் மட்டம். பல ஆலயங்களில் உள்ளே நிலம் வெளித் தெருவைவிட ஒரு மீட்டர் வரை கூட உயர்ந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் அடக்கம் செய்து செய்து மண் ஏறியதும் ஒரு காரணம். வெறும் எல்லைச் சுவராகக் கட்டியது இப்போது மண்ணைத் தாங்கும் சுவராக நிற்கிறது. ஒன்பது அங்குலச் சுவரை யாரும் அந்தக் கணக்கில் கட்டவில்லை. மழைக்காலத்தில் ஈர மண்ணின் எடையும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளும்போது சுவர் நடுவில் பிதுங்கும். அடியில் நீர் வடியும் துளைகள் இருந்து, மண்ணும் வேரும் அடைத்திருந்தால், அவற்றைத் திறப்பதே பாதி வைத்தியம்.

அடுத்தது மதில் முகடு. தெருச்சுவருக்கு இருபுறமும் மழை, மேலேயும் மழை. முகட்டில் நெட்டுக்குத்தாக வைத்த செங்கல்லோ, அரைவட்டச் செங்கல்லோ, இரண்டு வரி ஓடோ இருக்கும். அது ஒரு இடத்தில் போனாலும் தண்ணீர் சுவரின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். கீழே தெரியும் சேதத்தில் பெரும்பகுதி மேலே தொடங்கியதாக இருக்கும். என்னைக் கேட்டால், கையில் குறைந்த பணம்தான் என்றால் முழுவதையும் முகட்டில் போடுங்கள், முகப்பு அழகை அடுத்த வருடம் பார்க்கலாம்.

மூன்றாவது, சிமெண்ட். பழைய கை வார்ப்புச் செங்கல் மென்மையானது, துளைகள் உள்ளது. மழையை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்பு இணைப்பு செங்கல்லைவிட மென்மை என்பதால் ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். தேய்மானமும் இணைப்புக்குத்தான் வரும். அது திட்டமிட்ட தியாகம். அதன் மேல் சிமெண்ட் போடுவது வியர்த்த உடம்பில் ரெயின்கோட் மாட்டுவது போல. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். குளிரில் அது உறைந்து விரியும், உப்பு படிகமாகும், செங்கல்லின் முகம் ஓடு ஓடாகக் கழன்று விழும். செங்கல் உள்ளே குழிந்து, சிமெண்ட் கோடுகள் மட்டும் சட்டம் போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சுவரை இங்கிலாந்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டு போதும். ஒவ்வொரு துண்டிலும் ஒரே இடத்தில், பருவத்துக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். பழைய சாய்வு அப்படியே நிற்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. இருநூறு வருடமாகச் சாய்ந்தே நிற்கும் சுவர்கள் உண்டு. தோட்டச் சுவர்களுக்கான அரசு அறிவுரை ஒன்று, ஒரு செங்கல் தடிப்பான சுவர் 70 மி.மீ.க்கு மேலும் ஒன்றரைச் செங்கல் சுவர் 100 மி.மீ.க்கு மேலும் சாய்ந்தால் நிபுணரைக் கேட்கச் சொல்கிறது. இந்த எண்கள் எச்சரிக்கைக்குத்தான். எண் தாண்டியதும் இடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

செடி கொடிகளில் ஐவி, பட்லியா இரண்டும் முக்கியம். ஐவியைப் பிடித்து இழுக்காதீர்கள், இணைப்பும் சேர்ந்து வரும். அடித்தண்டை அறுத்துவிட்டு, மேலே காயும் வரை விட்டுவிட்டு, பிறகு கையால் எடுக்கலாம். பறவைக் கூடு இருந்தால் அந்தப் பருவம் முடியும் வரை தொடக்கூடாது, சட்டப்படி குற்றம். பெரிய மரத்தின் வேர் தள்ளுகிறது என்றாலும் உடனே வெட்டக் கிளம்ப வேண்டாம். மரம், கவுன்சில் குறித்து வைத்த பாதுகாப்புப் பகுதிக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) இருந்தால் கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். வேரின் மேல் சிறு பாலம் போலச் சுவரைத் தாண்ட வைப்பதுதான் பல இடங்களில் நல்ல வழி. லைக்கன் பூஞ்சை சுவரை ஒன்றும் செய்யாது, சுரண்ட வேண்டாம். இணைப்பில் குடியிருக்கும் சிவப்பு மேசன் தேனீக்களும் பரம சாது. அவற்றின் பருவம் போனபிறகு பூசினால் போதும்.

பழைய கல்லறைக் கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாய்த்து வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். 20-ஆம் நூற்றாண்டில் புல் வெட்ட வசதியாகச் செய்தது. அவை சுவருக்குப் பின்னால் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. நகர்த்துவது நல்லதுதான், ஆனால் அவை சட்டப்படி இறந்தவரின் வாரிசுகளுடைய சொத்து. அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது.

4. இப்போதே விழும் போல் இருந்தால்

நடைபாதையைத் தடுத்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் ஆள் நடமாட்டத்தையும் நிறுத்துங்கள். காப்பீட்டாளருக்கும், ஆலயக் கட்டட ஆய்வாளருக்கும், வட்டார ஆலயங்களைக் கவனிக்கும் மூத்த குருவான ஆர்ச்டீக்கனுக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். பொது வழிக்கு ஆபத்து என்றால் கவுன்சிலுக்கு 1984-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி தலையிடும் அதிகாரம் உண்டு. முட்டுக் கொடுப்பது, தடுப்பு வைப்பது எல்லாம் தற்காலிகம். இடிப்பதும் திரும்பக் கட்டுவதும் அப்படியல்ல. அவசரத்தில் இடைக்கால அனுமதி தர பேராயத்தின் நீதிபதியான சான்சலருக்கு அதிகாரம் இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். விழுந்த செங்கல் ஒன்றைக்கூட குப்பை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

5. அனுமதி

இங்கேதான் நம் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். உண்மையில் இது அவ்வளவு பயங்கரம் இல்லை, வரிசை தெரிந்தால் போதும்.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களுக்கு அரசின் பாரம்பரியக் கட்டட ஒப்புதலிலிருந்து விலக்கு உண்டு. அதற்குப் பதிலாகச் சபையே ஒரு நீதிமன்ற முறை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பேராயத்திலும் சான்சலர் என்று ஒரு நீதிபதி இருப்பார், அவர் தரும் அனுமதிக்கு ஃபாக்கல்ட்டி என்று பெயர். அவருக்கு ஆலோசனை சொல்வது டிஏசி என்ற குழு. விதிகளில் ஏ, பி என்று இரண்டு பட்டியல் இருக்கின்றன. ஏ பட்டியலில் உள்ள சிறு வேலைகளுக்கு, அங்கே சொல்லியிருக்கும் நிபந்தனைகளைப் பின்பற்றினால், யாரையும் கேட்க வேண்டாம். பி பட்டியலில் உள்ளவற்றுக்கு ஆர்ச்டீக்கனின் எழுத்து மூலமான ஒப்புதல் போதும். இரண்டிலும் அடங்காதது எல்லாம் ஃபாக்கல்ட்டிக்குப் போகும். உங்கள் வேலை எதில் விழுகிறது என்று நீங்களே முடிவு செய்யாமல் டிஏசி செயலருக்கு நான்கு படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவே குறுக்குவழி.

ஃபாக்கல்ட்டி என்றால் ஆன்லைனில் விண்ணப்பம், டிஏசி ஆலோசனை, பிறகு ஆலய வாசலில் 28 நாள் பொது அறிவிப்பு, கடைசியில் சான்சலரின் முடிவு. டிஏசி அடிக்கடி கூடும் குழு அல்ல என்பதால், கோடையில் வேலை தொடங்க வேண்டுமென்றால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஆலயம் மட்டும் இருக்கிறதா, மதிலும் தனியாக இடம் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். மதில் தனியாகப் பட்டியலில் இருந்தால் சபை விலக்கு அதற்குப் பொருந்தாது. அதன் தோற்றத்தையோ தன்மையையோ மாற்றும் வேலைக்கு ஃபாக்கல்ட்டியோடு கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும். அதே பொருள், அதே முறையில் செய்யும் பழுதுக்குப் பொதுவாக அந்த ஒப்புதல் தேவைப்படாது என்றாலும், எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் கூட்டுவது, புதிதாக வாயில் திறப்பது, பாதுகாப்புப் பகுதியில் இடிப்பது என்றால் திட்ட அனுமதியும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

மதிலின் அடியில் தோண்டும் திட்டம் இருந்தால் தொல்லியலாளரைச் சேர்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். மதிலை ஒட்டியும் அடக்கம் செய்திருப்பார்கள். எலும்பு தெரிந்தால் வேலை நிற்க வேண்டும். அந்த ஆலயத்தின் ஆயருக்கும் தொல்லியலாளருக்கும் சொல்ல வேண்டும். மரியாதையோடு அதே தோட்டத்தில் திரும்ப அடக்கம் செய்ய வேண்டும். பிரெஞ்சு டிரெயின் (சரளை நிரப்பிய வடிகால் பள்ளம்) போடலாம் என்று எளிதாகச் சொல்லும் கான்ட்ராக்டர்கள் இதை யோசிப்பதே இல்லை.

ஆலோசனைக்கு முதல் ஆள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ஆலயத்தைச் சோதித்து அறிக்கை தரும் ஆர்க்கிடெக்ட் அல்லது சர்வேயர். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் மதிலைப் பற்றி இரண்டு வரி இருக்கும், அதை வைத்தே பேச்சைத் தொடங்கலாம். 1877-இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தொடங்கிய எஸ்பிஏபி என்ற பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பழைய கட்டடங்கள் பற்றி இலவசமாகத் தொலைபேசி ஆலோசனை தருகிறது. புதுப்பிக்காதே, பழுது பார் என்பதே அவர்கள் கொள்கை. மதில் விஷயத்தில் எனக்கு அதற்கு மேல் ஒரு தத்துவம் தேவைப்பட்டதில்லை.

6. கலவை

பழைய கலவையின் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். மணல் எவ்வளவு பெரிசு, என்ன நிறம், வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கின்றனவா? அந்தக் கட்டிகள் இருந்தால், சுட்ட சுண்ணாம்பையும் மணலையும் ஒன்றாகப் போட்டு நீற்றிச் சூடாகக் கலந்த முறையாக இருக்கலாம். ஆய்வகத்துக்கு அனுப்பினால் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து மீதி மணலைத் தருவார்கள். சிப்பியும் சுண்ணாம்புக்கல் துகளும் சேர்ந்த மணல் என்றால் அதுவும் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

நம் ஊரில் பழைய காரை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் குணம் தெரியும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகும், அவசரப்படுத்த முடியாது. இங்கே கடையில் கிடைப்பவை மூன்று வகை. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு விழுது, மிக மென்மை. குளிர் தாங்க செங்கல் தூள் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அடுத்தது என்எச்எல் என்ற, நீரிலும் இறுகும் சுண்ணாம்பு, 2, 3.5, 5 என்று எண் போட்டு மூட்டையில் வரும். மூன்றாவது, சாதாரண ஹைட்ரேட்டட் லைம் மூட்டை. அது சிமெண்ட் கலவையைக் குழைவாக்க விற்பது. விலை குறைவு என்று அதை வாங்கி வந்தால் வேலை வீண்.

என்எச்எல் எண்ணுக்கு ஒரு ரகசியம் உண்டு. 3.5 என்பது 28-ஆம் நாளில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வலிமை, சதுர மி.மீ.க்கு நியூட்டன் கணக்கில். தரநிலைப்படி அது 10 வரைக்கும் போகலாம். வருடக் கணக்கில் இன்னும் ஏறும். ஆகவே மென்மையான டியூடர் செங்கல்லுக்கு 5 போட வேண்டாம். சுவரின் உடலுக்கு விழுதோ, 2-ஓ, மிஞ்சினால் 3.5-ஓ, வெயிலும் மழையும் நேராக அடிக்கும் முகட்டுக்கு மட்டும் அதைவிட ஒரு படி வலுவானது. முடிவை ஆர்க்கிடெக்டிடம் விடுங்கள், ஆனால் ஏன் என்று கேளுங்கள். விகிதம் பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு கூர்மணல், அதாவது சொரசொரப்பான மணல். மென்மணல் போட்டால் சுருங்கி வெடிக்கும்.

"கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். சிறிதளவு சிமெண்ட் சேர்த்த சுண்ணாம்புக் கலவை இரண்டின் நன்மையையும் இழக்கிறது.

7. வேலை

கான்ட்ராக்டரைத் தேர்வு செய்ய மூன்று கேள்வி போதும். இணைப்பை எதனால் தோண்டுவீர்கள்? என்ன கலவை போடுவீர்கள்? முடிந்தபின் எத்தனை நாள் மூடி வைப்பீர்கள்? கிரைண்டர், சிமெண்ட், மூடத் தேவையில்லை என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சரியான ஆளிடம் ஒரு மீட்டர் சதுரத்துக்கு மாதிரி செய்யச் சொல்லி, அது காய்ந்த பிறகு நிறத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். ஈரத்தில் எல்லாக் கலவையும் அழகாகத்தான் இருக்கும்.

பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலை கூடாது, இரவு உறைபனியும் சேர்த்துத்தான். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், தன்னார்வலர்களுக்கும்.

தளர்ந்து உதிரும் இணைப்பை மட்டும் தோண்டுங்கள். நன்றாக இருக்கும் பழைய சுண்ணாம்பைத் தொட வேண்டாம். ஆழம் இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது, குறைந்தது 20, 25 மி.மீ. கையுளியும் சுத்தியலும்தான் கருவி. பழைய சிமெண்ட் பிடிவாதமாக ஒட்டியிருந்து, எடுத்தால் செங்கல் விளிம்பு உடையும் என்றால், அதை அப்படியே விட்டுவிடுவது உத்தமம். சில வருடத்தில் அதுவே கழன்று வரும். தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, செங்கல் குடித்து முடித்தபின் கலவையை உள்ளே அழுத்தி வையுங்கள். உள்ளிருந்து வெளியே, அடுக்கடுக்காக. முகப்பில் செங்கல்லின் மேல் வழியக்கூடாது, விளிம்பைவிட இம்மி உள்ளே நிற்க வேண்டும். பாதி இறுகியதும் கட்டை மயிர்ப் பிரஷ்ஷால் தட்டினால் மணல் தெரியும், பழைய சுவரோடு சேர்ந்துகொள்ளும்.

முகம் கழன்ற செங்கல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பாதி தேய்ந்தாலும் தாங்கும் வேலையைச் செய்கிறது என்றால் இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டியதை முதலில் வெளியே எடுத்துத் திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள், பின்முகம் புதுசு போல இருக்கும். பழைய செங்கல் யார்டில் வாங்கும்போது கவனம். வீட்டின் உட்சுவரில் இருந்த வேகாத செங்கல்லும் அதே குவியலில் இருக்கும், ஒரு குளிர்காலத்தில் மாவாகிவிடும். புதிய கை வார்ப்புச் செங்கல் என்றால் அளவு, நிறம் இரண்டும் பொருந்தச் செய்து, உறைபனித் தாங்குதிறன் எஃப்2 என்று கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுத்து மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

ஒரு பகுதியைப் பிரித்துக் கட்டும் நிலை வந்தால், படமும் அளவும் எடுத்தபின் கையால் மேலிருந்து பிரியுங்கள். ஓரங்களைப் படிக்கட்டு போல விட்டு, அதே பாண்டில் பின்னுங்கள். ஒரே நாளில் உயரமாக ஏற்ற வேண்டாம், கீழ் வரிகள் நசுங்கும். அடித்தளம் ஆழமில்லை என்று கண்டதும் கான்கிரீட் கொட்ட எண்ணாதீர்கள். பழைய மதில்களுக்கு அகலமான சில வரிச் செங்கல்லே அடித்தளம், மொத்தச் சுவரும் அதன் மேல் மெல்ல அசைந்து பழகியது. ஒரு துண்டு மட்டும் அசையாமல் நின்றால் அதன் ஓரத்தில்தான் அடுத்த வெடிப்பு வரும். முகட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போடச் சொல்பவர்களும் உண்டு. தனித்து நிற்கும் சுவரில் அது முகட்டை வழுக்கிவிடும் இடமாகிவிடலாம். அதைவிட, இருபுறமும் நன்றாக நீட்டிக்கொண்டு நீரைத் தள்ளிச் சொட்டவைக்கும் ஓட்டு வரி மேல்.

முடிந்த பகுதியை ஈரச் சாக்கால் மூடி, மேலே தார்ப்பாய் போடுங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படாமல், முதல் வாரத்தில் காலை மாலை லேசாகத் தெளித்து, பிறகும் சில வாரம் கவனித்துக்கொள்ள வேண்டும். இதைக் கான்ட்ராக்டர் செய்வார் என்று நம்பி விடுமுறைக்குப் போக வேண்டாம். ஆலயத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் யாராவது பொறுப்பெடுத்தால் நல்லது. கொட்டேஷனில் இந்த வேலையைத் தனி வரியாக எழுத வையுங்கள்.

8. பிறகு

வருடத்துக்கு ஒருமுறை, இலை உதிர்ந்த பிறகு, ஒரு சுற்று. முகட்டில் முளைத்த செடியைக் கிள்ளுவது, நீர்த் துளையில் குச்சி விட்டுப் பார்ப்பது, தூக்குக்குண்டு அளவை எழுதுவது, அவ்வளவுதான். புல் வெட்டும் இயந்திரத்தைச் சுவரில் இடிக்க வேண்டாம் என்று வெட்டுபவரிடம் சொல்லுங்கள்.

வார்டன்கள் ஆலயத்துக்கு ஒரு லாக் புத்தகம் வைத்திருப்பது சட்டக் கடமை. எந்தச் சுண்ணாம்பு, என்ன விகிதம், மணல் எந்தக் குவாரி, செங்கல் எந்தச் சூளை, எந்தத் துண்டு எந்த மாதம் என்று அதில் எழுதி, படங்களையும் அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். மிச்சமான செங்கல்லில் ஒரு ஐம்பதைக் கொட்டகையில் அடுக்கி, மேலே 'மதிலுக்கு' என்று எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது பூந்தொட்டி வைக்க எடுத்துப் போய்விடுவார்கள்.